சம்பவ இடத்தில் ஒரு வைரஸ்

ஊர்க்காரத் தம்பி ஒருவன் போன மாதம் இரவு பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு லேப் ரிப்போர்ட் அனுப்பினான். அவனுடைய பெரியப்பாவுக்கு மூளையில் கட்டி. ஆபரேஷன் முடிந்து, பயாப்ஸியில் கிளியோபிளாஸ்டோமா என்று வந்து, இப்போது கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்துக்கொண்டிருக்கிறார்கள். ரிப்போர்ட்டில் ‘சி.எம்.வி. ஐ.ஜி.ஜி.’ என்ற வரிக்கு எதிரே ‘பாசிட்டிவ்’ என்று தடித்த எழுத்து. கூடவே ஒரு குரல் பதிவு: “அண்ணே, இந்த வைரஸ்தான் கட்டிக்கே காரணமாம். நெட்ல போட்டிருக்கு. இதுக்கு மாத்திரைகூட இருக்காம். டாக்டர்கிட்ட சொன்னா, அதெல்லாம் ஆராய்ச்சியில இருக்குன்னு சொல்லி அனுப்பிட்டாரு.”

டாக்டர் சொன்னது சரி. தம்பி படித்ததும் முழுப் பொய் அல்ல. மூளைப் புற்றுநோய் ஆராய்ச்சியாளர்களுக்குள் 2002இல் தொடங்கி ஓயாமல் நடக்கும் வழக்கு இது. அவனிடம் போனில் அரைகுறையாகச் சொன்னதை இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

கிளியோபிளாஸ்டோமா மூளைக் கட்டிகளிலேயே கொடியது. நரம்பு செல்களுக்குத் துணையாக இருக்கும் கிளியா செல்களின் வழியில் வருவது. அந்த வழியில் வரும் கட்டிகளுக்கெல்லாம் பொதுப்பெயர் கிளியோமா. கண்ணுக்குத் தெரிவதை முழுக்க எடுத்தாலும், வயலில் கோரைக் கிழங்கு தங்குவதுபோல ஓரங்களில் தங்கிவிடும். இன்றைய சிகிச்சைக்கு அடித்தளம் 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வு. கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் பாதிப்பேர் 12.1 மாதத்துக்குள் இறந்திருந்தார்கள். டெமோசோலமைடு மாத்திரையும் சேர்த்தபோது அது 14.6 மாதமானது. இரண்டரை மாத முன்னேற்றம். அதுவே பெரிய சாதனையாக இருந்தது என்றால் நோயின் லட்சணம் புரியும். அமெரிக்க செனட்டர் எட்வர்ட் கென்னடி 2009 ஆகஸ்ட் 25 அன்று இதில் இறந்தார். இன்னொரு செனட்டர் ஜான் மெக்கெய்ன் 2018இல், அதே ஆகஸ்ட் 25 அன்று. பணமோ ஆஸ்பத்திரியோ இல்லாமல் போனவர்கள் அல்ல இருவரும்.

ஏன் வந்தது என்று கேட்டால் சொல்வதற்கு அதிகம் இல்லை. தலையில் பெரிய அளவில் கதிர்வீச்சு பட்டவர்கள், அபூர்வமான சில பரம்பரைக் கோளாறுகள் உள்ளவர்கள், இவர்களுக்கு ஆபத்து கூடுதல். நோயாளிகளில் பெரும்பாலோர் இந்த இரண்டிலும் சேராதவர்கள். காரணம் தெரியாத நோய்க்கு யாராவது ஒரு காரணத்தைக் காட்டினால், வீட்டில் இருப்பவர்கள் அதைப் பற்றிக்கொள்ளத்தான் செய்வார்கள்.

சைட்டோமெகலோவைரஸ் என்னும் சி.எம்.வி. ஹெர்பிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. சின்னம்மை வைரஸுக்கும் உதட்டோரம் கொப்புளம் போட வைக்கும் வைரஸுக்கும் பங்காளி. இந்தப் பங்காளிகளுக்கெல்லாம் ஒரு குணம் பொது: உடம்புக்குள் வந்தால் சாகும்வரை போவதில்லை. எச்சில், தாய்ப்பால், சிறுநீர் என்று பல வழிகளில் பரவும். பெரும்பாலோருக்கு வந்ததே தெரியாது. பிறகு ரத்த அணுக்களுக்கு மூதாதையான செல்களுக்குள் போய் ஒடுங்கிக்கொள்ளும். அமெரிக்காவில் 40 வயதுக்குள் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இது வந்திருக்கிறது. இந்தியாவில் வளர்ந்தவர்களில் 90 சதவீதத்துக்கும் மேல். உடம்பும் அதைச் சும்மா விட்டுவைப்பதில்லை. பழைய நோய்களை நினைவில் வைத்திருக்கும் டி செல்கள் என்ற வெள்ளை அணுக்களில் ஏறக்குறைய 10 சதவீதம், சி.எம்.வி. வந்தவர்களிடம், இந்த ஒரு வைரஸைப் பார்த்துக்கொள்வதற்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஊர் ஸ்டேஷனில் பத்துக்கு ஒரு போலீஸ்காரரை ஒரே ரவுடியின் வீட்டு வாசலில் நிறுத்தியதுபோல. எதிர்ப்புச் சக்தி குன்றும்போதுதான் ஆசாமி வெளியே வருவார்: எய்ட்ஸ் நோயாளிக்குக் கண் பார்வையைப் பறிப்பார், மாற்றுச் சிறுநீரகம் வைத்தவருக்கு நுரையீரலைக் கெடுப்பார். கருவில் இருக்கும் குழந்தைக்குத் தொற்றினால் காது கேளாமை வரலாம்.

இந்த வைரஸை மூளைக் கட்டியோடு முடிச்சுப் போட்டவர் சார்ல்ஸ் காப்ஸ். நரம்பியல் அறுவை மருத்துவர். அலபாமாவில் வேலை பார்த்தபோது 2002இல் அவருடைய குழு ஒரு கட்டுரை வெளியிட்டது. 27 பேரின் கிளியோமா கட்டிகளைச் சோதித்தார்கள், 27லும் சி.எம்.வி. இருந்ததாம். புற்றுநோய் ஆராய்ச்சியில் நூற்றுக்கு நூறு என்பது அபூர்வம். மகிழ்ச்சியைவிடச் சந்தேகத்தைத்தான் முதலில் கிளப்ப வேண்டிய எண் அது.

அந்தச் சோதனை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் சண்டையின் பாதி புரிந்துவிடும். கட்டியின் துண்டை மெழுகில் பதித்து, தலைமுடியின் தடிமன்கூட இல்லாத சீவலாக வெட்டிக் கண்ணாடியில் ஒட்டுவார்கள். வைரஸின் புரதத்தை மட்டும் பிடித்துக்கொள்ளக்கூடிய ஆன்டிபாடியை அதன்மேல் விட்டு, கழுவி, கடைசியில் சாயம் ஏற்றுவார்கள். புரதம் இருந்தால் அந்த இடம் பழுப்பாகத் தெரியும். சி.எம்.வி. நுரையீரலைத் தாக்கிய நோயாளியின் சீவலில் சாயமே தேவைப்படாது. செல் ஊதிப் பெருத்து, நடுவில் ஆந்தைக் கண் மாதிரி ஓர் உருண்டை, சுற்றிலும் வெளிர் வளையம். ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். மூளைக் கட்டிச் சீவலில் அந்த ஆந்தைக் கண் கிடையாது. வழக்கமான முறையில் சாயம் ஏற்றினாலும் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. சோதனையின் படிகளைக் கூட்டி, கூர்மையை ஏற்றினால்தான் பழுப்பு வருகிறது. வைரஸ் மிகக் குறைவாக இருப்பதால் அப்படித்தான் தேட வேண்டும் என்பது காப்ஸ் தரப்பு. அவ்வளவு கூர்மையாக்கினால் இல்லாததும் பழுப்பாகும் என்பது எதிர்த்தரப்பு. இரண்டுமே நியாயமான பேச்சு. சீவலை மட்டும் வைத்து இதைத் தீர்க்க முடியாது.

2005, 2006இல் வேறு ஆய்வகங்கள் தேடிவிட்டு எதுவும் இல்லை என்றன. 2008இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகக் குழு 90 சதவீதத்துக்கும் மேற்பட்ட கட்டிகளில் இருக்கிறது என்றது. கிளியோமா கட்டிகளில் சி.எம்.வி. உண்டு, ஆனால் அது நோயை உண்டாக்குவதாகச் சொல்லச் சான்று போதாது என்ற ரீதியில் 2012இல் ஒரு கூட்டறிக்கையும் வந்தது. கூட்டறிக்கை வந்ததோடு பிரச்சினை தீர்ந்ததா என்றால், இல்லை.

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். ஒரு வைரஸுக்கும் மூளைக் கட்டிக்கும் முடிச்சுப் போட்டது இது முதல் தடவை அல்ல.

1950களில் போலியோ தடுப்பூசி தயாரிக்க ரீசஸ் குரங்குகளின் சிறுநீரக செல்கள் தேவைப்பட்டன. அவற்றில் ஒரு குரங்கு வைரஸ் மறைந்திருந்தது யாருக்கும் தெரியவில்லை. அமெரிக்க அரசின் ஆய்வகத்தில் வேலை செய்த பெர்னிஸ் எடி, குரங்குச் சிறுநீரகச் சாற்றை வெள்ளெலிக் குட்டிகளுக்குப் போட்டபோது அவற்றுக்குக் கட்டிகள் வளர்ந்தன. மேலதிகாரிகள் அவர் பேச்சைக் காதில் வாங்கவில்லை. 1960இல் ஸ்வீட், ஹில்மன் என்ற இருவர் அந்த வைரஸைக் கண்டுபிடித்து அறிவித்தார்கள். எஸ்.வி. 40 என்று பெயர். அதற்குள் அமெரிக்காவில் கோடிக்கணக்கானோர் ஊசி போட்டுக்கொண்டாகிவிட்டது. 1955 முதல் 1963 வரை 1 கோடியிலிருந்து 3 கோடிப் பேர் வரை அந்த வைரஸ் கலந்த மருந்தைப் பெற்றிருக்கலாம் என்பது மதிப்பீடு. வெள்ளெலி மூளையில் அதைச் செலுத்தினால் கட்டி வந்தது. மனிதருக்கு?

1992இல் பாஸ்டனில் குழந்தைகளின் மூளைக் கட்டிகளைச் சோதித்த ஒரு குழு, சில வகைக் கட்டிகளில் எஸ்.வி. 40 மாதிரியான டி.என்.ஏ. இருப்பதாக அறிவித்தது. உலகமே பதறியது. ஆனால் ஒன்று உதைத்தது: அந்தக் குழந்தைகள் அசுத்தமான ஊசி நின்றபின் பிறந்தவர்கள். அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் முடிச்சு அவிழ்ந்தது. அந்த ஊசி போட்டுக்கொண்ட தலைமுறையைத் தொடர்ந்து பார்த்த ஆய்வுகளில் மூளைக் கட்டி கூடவில்லை. 2004இல், நுரையீரல் உறையில் வரும் புற்றுநோயை ஆராய்ந்த குழு ஒன்று இன்னொரு உண்மையைப் போட்டு உடைத்தது. ஆய்வகங்களில் மரபணுவை ஒட்டவும் வெட்டவும் பயன்படும் பிளாஸ்மிட் என்ற டி.என்.ஏ. வளையங்களில் எஸ்.வி. 40இன் துண்டுகளை வைத்திருப்பது வழக்கம். பி.சி.ஆர். சோதனையில் அந்தத் துண்டைத் தேடினால் பாசிட்டிவ். வைரஸின் வேறு பகுதியைத் தேடினால் நெகட்டிவ். கட்டியில் இருந்த வைரஸ் அல்ல அது, மேசையில் இருந்த அழுக்கு.

நம் வீட்டு அடுப்படியில் எந்தப் பாத்திரத்தைத் துடைத்துப் பார்த்தாலும் கொஞ்சம் மஞ்சள் வரும். அதை வைத்துப் பாயசத்தில் மஞ்சள் போட்டார்கள் என்று சொல்ல முடியுமா? சி.எம்.வி.யும் ஆய்வகத்தின் மஞ்சள்தூள்தான். ஒரு மரபணுவைச் செல்லுக்குள் பலமாக இயக்க வேண்டுமென்றால் ஆராய்ச்சியாளர்கள் உலகெங்கும் கை வைப்பது சி.எம்.வி.யிடமிருந்து எடுத்த ஒரு சுவிட்சில். மரபணுவை முடுக்கிவிடும் அந்தத் துண்டு எல்லா ஆய்வகத்து ஃப்ரீசரிலும் உண்டு.

சரி, அழுக்கு ஒட்டாத சோதனை எது? 2013 வாக்கில் அது கைக்கு வந்தது. கட்டிக்குள் இருக்கும் ஆர்.என்.ஏ. முழுவதையும் எழுத்தெழுத்தாக வாசித்து, எது மனிதருடையது, எது வைரஸுடையது என்று கணினியில் பிரிப்பது. ஸ்வீடனின் கோத்தன்பர்க் குழு 19 வகைப் புற்றுநோய்களைச் சேர்ந்த 4,433 கட்டிகளின் தரவை இப்படிச் சலித்தது. கருப்பைவாய்ப் புற்றில் பாப்பிலோமா வைரஸ் குவியலாக வந்தது. கல்லீரல் புற்றில் ஹெபடைட்டிஸ் பி வந்தது. தெரிந்த குற்றவாளிகளைச் சரியாகப் பிடித்த அதே சல்லடையில், கிளியோபிளாஸ்டோமாவில் சி.எம்.வி. விழவில்லை. பிறகு வந்த இதே மாதிரி ஆய்வுகளும் கிட்டத்தட்ட அதைத்தான் சொல்லின. சி.எம்.வி.யின் மரபுத்தொகுதி மனித வைரஸ்களிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று. சுமார் 2,35,000 எழுத்துகள். உண்மையான தொற்று என்றால் இந்த நீளத்தின் பல இடங்களிலிருந்தும் துண்டுகள் வர வேண்டும். சில தரவுகளில் அந்தச் சுவிட்ச் பகுதி மட்டும் தலைகாட்டியது. மறுபடியும் மஞ்சள்தூள்.

காப்ஸ் தரப்பில் பதில் இல்லாமல் இல்லை. நூறு செல்லில் ஒன்றிரண்டில்தான் வைரஸ் இருக்கிறது, அதுவும் அரைத்தூக்கத்தில், ஆகவே சல்லடையில் விழாது என்பார்கள். இருக்கலாம். ஆனால் ‘எல்லாக் கட்டியிலும் இருக்கிறது’ என்று தொடங்கிய வழக்கு ‘எங்கோ ஒரு மூலையில் இருக்கலாம்’ என்று சுருங்கிவிட்டது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

என்னைக் கேட்டால், இந்த ஆய்வகச் சண்டையைவிடப் பலமான சாட்சி மக்கள்தொகைக் கணக்கில் இருக்கிறது. அமெரிக்காவில் ஆண்டுக்கு லட்சம் பேரில் 3 பேருக்குச் சற்று மேல் கிளியோபிளாஸ்டோமா வருகிறது. வைரஸ்தான் காரணம் என்றால், கிட்டத்தட்ட எல்லாருக்கும் சி.எம்.வி. இருக்கும் நம் நாட்டில் இந்த நோய் அமெரிக்காவைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். நிலைமை தலைகீழ். இங்கே ஸ்கேன் எடுப்பவர்களே குறைவு, அதனால் கணக்கில் வரவில்லை என்று வாதிடலாம். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. அப்படியானால் அமெரிக்காவுக்குள்ளேயே பாருங்கள். அங்கே சி.எம்.வி. வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் அதிகம். கிளியோபிளாஸ்டோமாவோ வெள்ளையருக்குத்தான் ஏறத்தாழ இரு மடங்கு. சி.எம்.வி. பெண்களிடம் சற்றுக் கூடுதல். கட்டி ஆண்களுக்கு ஒன்றரை மடங்குக்கும் மேல். இன்னொன்றும் இருக்கிறது. மாற்றுச் சிறுநீரகம் வைத்தவர்கள் ஆண்டுக்கணக்கில் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை சாப்பிடுகிறார்கள். வைரஸால் வரும் புற்றுநோய்கள் அவர்களுக்குக் கணிசமாகக் கூடுகின்றன. கிளியோமா அப்படிக் கூடுவதாகத் தெரியவில்லை. நோய் வருவதற்கு முன்பே எடுத்துச் சேமித்து வைத்த ரத்தத்தைச் சோதித்த ஆய்விலும் சி.எம்.வி. இருந்தவர்களுக்கு ஆபத்து அதிகம் என்று வரவில்லை.

சிறு வயதில் வந்தால் பரவாயில்லை, வளர்ந்தபின் முதல் தடவை தொற்றினால்தான் வினை என்று ஒரு மறுப்பு உண்டு. சின்னம்மை விஷயத்தில் நாமே பார்த்திருக்கிறோம்: குழந்தைக்கு வந்தால் ஒரு வாரம் வேப்பிலையோடு போகும், முப்பது வயதில் வந்தால் ஆளையே புரட்டிப்போடும். அப்படி ஒரு சாத்தியம் இருக்கிறது என்று ஒதுக்கி வைக்கலாம். அதற்குமேல் அதற்கு ஆதாரம் சேரவில்லை.

உண்மையான குற்றவாளி பிடிபட்டால் எப்படி இருக்கும் என்பதற்குக் கருப்பைவாய்ப் புற்று நல்ல பாடம். 1970களில் அதற்கு எல்லாரும் கை காட்டியது இதே ஹெர்பிஸ் குடும்பத்தின் இன்னொரு வைரஸை. நோயாளிகளின் ரத்தத்தில் அதற்கான ஆன்டிபாடி அதிகம் இருந்தது உண்மைதான். ஜெர்மனியின் ஹரால்ட் ட்சுர் ஹவுசன் கட்டிகளுக்குள் அந்த ஹெர்பிஸ் டி.என்.ஏ.வைத் தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை. அவர் சந்தேகம் பாப்பிலோமா வைரஸ் பக்கம் திரும்பியது. 1983இல் அவருடைய குழு 16ஆம் எண் வகையைக் கட்டிக்குள்ளிருந்தே எடுத்துக் காட்டியது. யாரும் நம்பாமல் இருந்த மனிதருக்கு 2008இல் நோபல் பரிசு. அந்த ஹெர்பிஸ் வைரஸ் என்ன ஆனது? பாப்பிலோமா பரவும் அதே பாலுறவு வழியில் பரவியதால் கூடவே காணப்பட்டது, அவ்வளவுதான். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. காப்ஸின் ஆதரவாளர்கள் ட்சுர் ஹவுசனின் பெயரை அடிக்கடி இழுப்பார்கள், ‘அவரையும் அன்றைக்கு நம்பவில்லையே’ என்று. அந்தக் கதையில் சி.எம்.வி.க்குப் பொருந்துவது பாப்பிலோமாவின் பாத்திரமா, ஹெர்பிஸின் பாத்திரமா என்பதுதானே கேள்வி.

மூளையிலேயே வைரஸால் வரும் கட்டி ஒன்று உண்டு. அதில் யாருக்கும் சந்தேகமில்லை. எப்ஸ்டீன்-பார் என்பதும் ஹெர்பிஸ் பங்காளிதான், பி செல்கள் என்ற வெள்ளை அணுக்களில் குடியிருப்பது. எய்ட்ஸ் முற்றிய நோயாளிகளுக்கும் எதிர்ப்புச் சக்தி அடக்கப்பட்டவர்களுக்கும் மூளைக்குள் லிம்போமா என்ற கட்டி வருவதுண்டு. எய்ட்ஸ் நோயாளிகளின் அந்தக் கட்டிகளில் ஏறக்குறைய அத்தனையிலும் எப்ஸ்டீன்-பார் இருக்கும், அதுவும் ஓரிரு செல்களில் அல்ல, கட்டியின் செல் எதை எடுத்தாலும் இருக்கும். முதுகுத் தண்டு நீரில் அதன் டி.என்.ஏ.வைத் தேடுவது நோயைக் கண்டுபிடிக்கவே உதவுகிறது. கூட்டு மருந்து சிகிச்சை வந்து எச்.ஐ.வி. கட்டுக்குள் வந்தபின் இந்த லிம்போமா மளமளவென்று குறைந்தது. காவல் பலப்பட்டதும் குற்றம் குறைகிறது. கிளியோபிளாஸ்டோமாவில் இந்த மாதிரி எதுவும் தெரியவில்லை. நல்ல ஆரோக்கியத்தில் இருப்பவர்களுக்குத்தான் அது பெரும்பாலும் வருகிறது.

ஆக, மூட்டியது சி.எம்.வி. என்ற வழக்கு நிற்காது என்பது என் தீர்மானம். ஆனால் இதோடு கோப்பை மூட முடியாததற்கும் காரணம் இருக்கிறது. தீ மூட்டுவது வேறு, எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுவது வேறு. இந்த இரண்டாவது வேலைக்கு ஆராய்ச்சியாளர்கள் ஆன்கோமாடுலேஷன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சி.எம்.வி.க்கு அதற்கான சாமான்கள் உண்டு: அதன் சில புரதங்கள் செல்லின் பிரேக்குகளான பி53, ஆர்.பி. ஆகியவற்றோடு மல்லுக்கட்டக்கூடியவை, இன்னொன்று புதிய ரத்தக்குழாய்கள் முளைக்கத் தூண்டுவது. எலிக்கென்றே உள்ள சி.எம்.வி.யைத் தொற்றவைத்த எலிகளில் மூளைக் கட்டி வேகமாக வளர்ந்தது என்றும், சிடோஃபோவிர் என்ற வைரஸ் மருந்து கொடுத்தபோது அந்தக் கூடுதல் வேகம் குறைந்தது என்றும் 2019இல் பாஸ்டனிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. எலி, எலிதான்.

இனி தம்பி கேட்ட மாத்திரைக்கு வருவோம். வால்கான்சிக்ளோவிர். சி.எம்.வி.யை அடக்கும் மருந்து. ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் செசிலியா சோடர்பெரி-நாக்ளரின் குழு 42 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலருக்கு இந்த மருந்து, சிலருக்கு வெற்று மாத்திரை என்று கொடுத்துப் பார்த்தது. கட்டியின் அளவில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. 2013இல், மருந்து சாப்பிட்ட 50 பேரைப் பற்றி அதே குழு எழுதிய ஒரு கடிதம் பெரிய மருத்துவ இதழில் வந்தது. இரண்டு ஆண்டு உயிரோடு இருந்தவர்கள் 62 சதவீதம். மருந்து சாப்பிடாத மற்ற நோயாளிகளில் 18 சதவீதம்தான். ஆறு மாதம் தாண்டியும் விடாமல் தொடர்ந்து சாப்பிட்டவர்களில் 90 சதவீதம்! தம்பி நெட்டில் பார்த்தது இந்த எண்ணைத்தான்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. சதாபிஷேகம் செய்துகொண்டவர்களையும் செய்துகொள்ளாதவர்களையும் பிரித்து ஆயுளைக் கணக்கெடுங்கள். செய்துகொண்டவர்கள் அத்தனை பேரும் எண்பதைத் தாண்டியிருப்பார்கள். சதாபிஷேகத்தால் ஆயுள் கூடியது என்று சொன்னால் சிரிப்போம் இல்லையா? எண்பது வரை இருந்தவருக்குத்தானே அந்த விசேஷமே நடக்கும். ஆறு மாதம் தாண்டியும் விடாமல் மாத்திரை சாப்பிட்டவர் என்ற பட்டியலில் ஏற வேண்டுமென்றால், முதலில் ஆறு மாதம் உயிரோடு இருந்தாக வேண்டும். இரண்டாம் மாதமே இறந்துபோனவர் அந்தப் பட்டியலில் சேரவே முடியாது. கடிதம் வெளிவந்ததுமே புள்ளிவிவரக்காரர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தக் குழு சளைக்காமல் 2020இல் 102 பேரின் கணக்கோடு மறுபடியும் வந்தது: மருந்து சாப்பிட்டவர்களில் பாதிப்பேர் 24.1 மாதம் தாண்டி உயிரோடு இருந்தார்கள், ஒப்பிட்ட மற்றவர்களுக்கு அது 13.3 மாதம். அதுவும் குலுக்கிப் பிரிக்காத கணக்குதான். குலுக்கிப் பிரித்து 220 பேரைச் சேர்க்கத் திட்டமிட்ட பெரிய சோதனையை 2019இல் தொடங்கினார்கள். இந்த வழக்கில் தீர்ப்பு எழுதத் தகுதியுள்ளது அந்த மாதிரிச் சோதனை மட்டும்தான்.

வினோதம் என்னவென்றால், அந்தச் சோதனையில் மருந்து ஜெயித்தாலும் சி.எம்.வி. மூளைக் கட்டிக்குக் காரணம் என்று ஆகிவிடாது. கதிர்வீச்சும் கீமோவும் வீக்கத்துக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டும் சேர்ந்து எதிர்ப்புச் சக்தியைச் சாய்க்கும்போது, ரத்தத்தில் தூங்கிக்கொண்டிருந்த சி.எம்.வி. விழிப்பதுண்டு. மூளைக்குக் கதிர்வீச்சு பெறும் நோயாளிகள் திடீரெனக் குழம்பி, சோர்ந்து போவதில் சில சமயம் அதற்குப் பங்கு இருப்பதை ஜெர்மனியின் எர்லாங்கன் நகர மருத்துவர்கள் காட்டியிருக்கிறார்கள். கட்டி பெரிதாகிவிட்டது என்று நினைத்துக் கைவிடக்கூடிய நிலை. உண்மையில் வைத்தியம் உள்ள தொற்று. மருந்து அதைத் தடுத்தே ஆயுளைக் கூட்டலாம், கட்டியைத் தொடாமலேயே.

சரி, பாதகம் இல்லையென்றால் சாப்பிட்டு வைக்கலாமே? பாதகம் இருக்கிறது. வால்கான்சிக்ளோவிர் எலும்பு மஜ்ஜையை அமுக்கி வெள்ளை அணுக்களைக் குறைக்கும். டெமோசோலமைடும் அதையேதான் செய்யும். இரண்டும் ஒன்றாக இறங்கினால் சாதாரணக் கிருமிகூட எமனாகலாம். விலையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், அது நம் ஊர் சம்பந்தப்பட்டது. இந்த மருந்துக்கு ரோச் நிறுவனத்துக்கு 2007இல் இந்தியக் காப்புரிமை கொடுத்தது சென்னைக் காப்புரிமை அலுவலகம். எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களின் அமைப்புகளும் இந்திய மருந்துக் கம்பெனிகளும் எதிர்த்துப் போராட, 2010இல் அதே அலுவலகம் அந்தக் காப்புரிமையை ரத்து செய்தது. எய்ட்ஸ் நோயாளிகளின் கண்ணைக் காப்பாற்றத்தான் அந்தச் சண்டை. அன்றைக்கு இந்த மருந்தை மூளைக் கட்டியோடு சேர்த்து இங்கே யாரும் பேசவில்லை.

வைரஸை விரட்டாமல், அதையே அடையாளமாக வைத்துக் கட்டியைத் தாக்கும் முயற்சிகளும் நடக்கின்றன. கட்டி செல்களில் சி.எம்.வி.யின் புரதம் கொஞ்சமாவது இருந்து, பக்கத்து மூளையில் இல்லையென்றால், அது எதிர்ப்பு செல்களுக்குக் கொடுக்கும் விலாசம்தானே. டியூக் குழு நோயாளியின் சொந்த ரத்தத்திலிருந்து எதிர்ப்பு செல்களை எடுத்து, சி.எம்.வி.யின் ஒரு புரதத்தை அடையாளம் காணப் பழக்கி, திரும்ப ஊசியாகப் போட்டது. அதற்கு முந்தின நாள், ஊசி போடும் அதே இடத்தில், கம்பி குத்தினால் நாம் ஓடிப்போய்ப் போட்டுக்கொள்கிற டெட்டனஸ் ஊசியின் வகையறா ஒன்று. அது அந்த இடத்தை உசுப்பிவிட்டு, பழக்கிய செல்கள் நிணநீர் முடிச்சுக்குப் போகும் வேகத்தைக் கூட்டியது. 2015இல் வந்த அந்த ஆய்வில் டெட்டனஸ் ஊசி பெற்றவர்கள் மற்றவர்களைவிட நீண்ட நாள் வாழ்ந்தார்கள். ஆனால் மொத்தமே 12 பேர். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ராஜீவ் கன்னாவின் குழு சி.எம்.வி.யைக் குறிவைக்கும் டி செல்களையே வளர்த்து நோயாளிகளுக்குத் திரும்ப ஏற்றிப் பார்த்தது. அங்கும் சிலருக்கு எதிர்பார்த்ததைவிட நல்ல பலன், அங்கும் எண்ணிக்கை சிறிது. கட்டியில் வைரஸே இல்லையென்றால் இந்த ஊசிகள் எதைப் பிடித்தன என்ற கேள்வியைச் சந்தேகப் பேர்வழிகள் எளிதாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கும் அது உறுத்திக்கொண்டுதான் இருக்கிறது.

பங்காளிகளில் ஒருவன் நல்லவனாகக்கூட இருக்கலாம் போலிருக்கிறது. 4,533 கிளியோமா நோயாளிகளையும் 4,171 மற்றவர்களையும் ஒப்பிட்டு 2016இல் வந்த பன்னாட்டு ஆய்வில், முன்பு சின்னம்மை வந்ததாகச் சொன்னவர்களுக்குக் கிளியோமா ஆபத்து சுமார் 21 சதவீதம் குறைவாக இருந்தது. எதிர்ப்புச் சக்திக்கு வைரஸ் கற்றுக்கொடுத்த பாடம் கட்டியைக் கண்டுபிடிக்கவும் உதவுகிறதா, அல்லது இதுவும் இன்னொரு பனம்பழமா என்பது தெளிவாகவில்லை.

தம்பிக்கு அன்றைக்கு இத்தனையும் சொல்லவில்லை. பெரியப்பாவுக்கு வெள்ளை அணுக்கள் எவ்வளவு என்று கேட்டேன். ஏற்கெனவே குறைவாகத்தான் இருந்தது. அப்போ மாத்திரையை யாருக்கும் தெரியாமல் வாங்கிக் கொடுத்துவிடாதே, கேட்க வேண்டியதை டாக்டரிடமே மறுபடி கேள், ஆள் திடீரென்று குழம்பிப்போனால் சி.எம்.வி. ரத்தத்தில் ஓடுகிறதா என்று பி.சி.ஆர். பார்க்கலாமா என்று கேள் என்றேன். “அப்ப இந்த ரிப்போர்ட்டுண்ணே?” என்றான். ஐ.ஜி.ஜி. என்பது ஒரு வகை ஆன்டிபாடி, அது பாசிட்டிவ் என்றால் எப்போதோ ஒரு காலத்தில் வைரஸ் தொற்றியிருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம், பெரும்பாலும் அவர் தொட்டிலில் கிடந்த நாளிலேயே. நம்பிக்கை இல்லையென்றால் உன் ரத்தத்தையும் கொடுத்துப் பார் என்றேன்.

விளையாட்டுக்குச் சொன்னதை அவன் நிஜமாகவே செய்துவிட்டான். நான்கு நாள் கழித்து இன்னொரு ரிப்போர்ட் வந்தது. அவன் பெயர், வயது 27, அதே வரி, அதே தடித்த எழுத்து. கீழே ஒரே ஒரு சொல் எழுதியிருந்தான்: “எனக்குமாண்ணே.”